புளியங்கொட்டைப் புயல்

புயல் வரட்டும் என்று கல்முனைக்குடியில் ஆசைப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். வாப்பா ஆழ்கடலுக்கு மீன்பிடிப் போட்டில் போயிருந்தார். அவர் எப்போதும் போய் எப்போதும் வருகிறவர். அதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

உம்மாவின் தம்பி, என் மாமா, பஸாரில் போன் திருத்தும் கடை வைத்திருந்தார். போட்டோடு வயர்லெஸ் தொடர்பு அறுந்துபோன அன்று கடையைப் பூட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்ததும் முதல் வேலையாக எங்கள் டிவியின் பின்பக்கத்தைக் கழற்றினார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஏதோ பழுதாம், சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டுமாம். இனிப் புயல் செய்தியெல்லாம் அவருடைய போனில்தான்.

நான் விறாந்தைத் தரையில் வெண்கட்டியால் எங்கள் கரையோர மெப்பைக் கீறினேன். மட்டக்களப்பு, கல்முனை, திருக்கோவில், பொத்துவில். வாப்பாவின் போட்டுக்கு ஒரு சிப்பி. கடைசியாக அவர் வயர்லெஸ்ஸில் கதைத்த இடத்தை மாமா காட்டித் தந்தார். புயலுக்குப் புளியங்கொட்டை. மாமா வாசலுக்குப் போய்ப் போனைப் பார்ப்பார், திரும்பி வந்து ஒரு கொட்டையை வைப்பார். ஒவ்வொரு கொட்டையும் சிப்பியை விட்டு வடக்கே விலகிக்கொண்டே போனது.

"காத்து குறஞ்சி வருதாம் ராத்தா. நாளைக்கு வெறும் மழதான்."

"ஓம் தம்பி," என்பார் உம்மா. சொல்லிவிட்டு மறுபடியும் யாசீன் ஓத உட்கார்ந்துவிடுவார். எனக்கோ கடுப்பு. இவ்வளவு கொட்டை பொறுக்கி வைத்திருக்கிறேன், அதற்குள் புயல் சோர்ந்துபோனால் எப்படி?

மறுநாள் பக்கத்து வீட்டு மாமியின் டிவியில் பார்த்தேன். புயல் வடக்கே போகவேயில்லை. நேரே எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது, இன்னும் வலுக்கும் என்றார்கள். மழையில் நனைந்தபடி ஓடிவந்து, கடைசிக் கொட்டையை எடுத்துச் சரியான இடத்தில், சிப்பிக்குப் பக்கத்தில் வைத்தேன். மாமா அப்போது பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்.

உம்மா குனிந்து பார்த்தார். எங்கே கேட்டாய் என்றுகூடக் கேட்கவில்லை. கொட்டையை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார்.

"மாமா வெச்ச எடத்திலயே கெடக்கட்டும் புள்ள. அவருக்கிட்ட ஒண்டும் சொல்லாத."

உம்மாவுக்கு மெப் விளங்காது என்று நான் முடிவுகட்டினேன்.

கரைக்குக் கிட்ட வந்தபிறகுதான் புயல் உண்மையாகவே வலுவிழந்தது. வெறும் தாழமுக்கமாக எங்களைக் கடந்தபோது குசினித் தகரமும் முருங்கை மரமும்தான் போயின. போட் திருகோணமலையில் ஒதுங்கியிருந்ததாம். வாப்பா கண் சிவந்து, சாரமெல்லாம் சேறாக, பஸ்ஸில் வந்து இறங்கினார். உம்மா அழுதுகொண்டே மீன் பொரித்தார். டிவியும் சாமான் வராமலே ஓடத் தொடங்கியது.

சோற்றுக்கு உட்கார்ந்ததும் நான் முறையிட்டேன். "புயல் நேர இஞ்சதான் வந்திச்சி வாப்பா. நான் சரியாத்தான் வெச்சன். உம்மாதான் மாத்தி வெச்சா."

வாப்பா உம்மாவைப் பார்த்தார்.

"எனக்கெங்க மெப்பெல்லாம் விளங்கப் போகுது," என்று சொல்லிவிட்டு, உம்மா பெரிய துண்டாகப் பார்த்து மாமாவின் பீங்கானில் வைத்தார்.

மாமா குனிந்த தலையை எடுக்கவேயில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. மீனில் மிளகாய் கூடிப்போயிற்று போல என்று நினைத்து, நான் தண்ணீரை அவர் பக்கம் தள்ளிவைத்தேன்.