பதினேழாம் எண்ணின் நடுக்கம்

எட்டு வயதில் ஒட்டிக்கொண்ட பெயர் நாற்பத்திரண்டு வயதிலும் அவளை விடவில்லை. முரண்டு. அன்று பள்ளியில் தண்ணீர்த் தொட்டிக் கணக்கு நடந்துகொண்டிருந்தது. குழாயைத் திறந்தால் நான்கு மணி நேரத்தில் தொட்டி நிறையும். பாதி நிறைய எவ்வளவு நேரம்? இரண்டு மணி என்று வகுப்பே கத்தியது. இவள் மட்டும் எழுந்து, "எங்க வீட்டுல அப்படி நிறையாது டீச்சர். மேல்தொட்டி காலியாக ஆக, தண்ணி மெதுவாத்தான் வரும். நான் கடிகாரம் வச்சுப் பாத்தேன்" என்றாள். மிச்சப் பொழுது முழுக்க வகுப்புக்கு வெளியே நின்றாள். அந்த வழியாக வந்த அண்ணன், "என்ன முரண்டு, காத்து வாங்குறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பாலிடெக்னிக்கில் பம்பும் குழாயும் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், முப்பத்தைந்து வயதில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். ரத்த ஓட்டத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிடும் முறைகள்தான் பொருள். "அப்போ டாக்டரா?" என்று கேட்பவர்களிடம், "இன்னும் ஆகலை. ஆனாலும் ஊசி போட மாட்டேன்" என்பாள். இப்போது மகள் கல்லூரிக்குப் போகிறாள். மகளும் அம்மாவும் ஒரே மாதத்தில் பரீட்சைக் கட்டணம் கட்டுகிற வீடு அது.

அவளை இந்த வேலைக்குள் இழுத்துவிட்டது அண்ணனின் கைதான். அவர் பம்பு மெக்கானிக். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதில், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காக இடது முன்கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். ஃபிஸ்டுலா என்பார்கள். தையல் போட்ட இடத்தில் விரலை வைத்தால், தோலுக்கு அடியில் விர்ரென்று அதிரும். தினமும் காலையில் தொட்டுப் பார்க்க வேண்டும், அதிர்வு நின்றால் உடனே ஓடி வர வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். "பல்லு தேய்க்கிறேனோ இல்லையோ, மோட்டார் ஓடுதான்னு பாத்துடுவேன்" என்பார் அண்ணன். சிலருக்கு அந்த இணைப்பு சில மாதங்களிலேயே குறுகி அடைத்துக்கொள்ளும். எந்த இடத்தில், ஏன் என்பதுதான் முரண்டின் கேள்வி. ஸ்கேன் படம் கொடுத்தவர்களில் அண்ணனும் ஒருவர். ஆராய்ச்சியில் யார் பெயரும் வரக் கூடாது என்பது விதி. அவர் நோயாளி எண் பதினேழு ஆனார்.

வேலை இதுதான். படத்திலிருந்து குழாயின் வடிவத்தை எடுத்து, லட்சக்கணக்கான சின்னக் கட்டங்களாக வெட்ட வேண்டும். ஒரு இதயத் துடிப்பின் நேரத்தையும் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு கட்டத்திலும் ரத்தம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். எல்லோரும் துடிப்பை இருநூறு துண்டாக வெட்டுவார்கள். வேகத்தை வரைந்து பார்த்தால் கோடு வழவழவென்று ஏறி இறங்கும். முரண்டு சும்மா இருப்பாளா? பத்தாயிரம் துண்டாக வெட்டினாள். கோடு நடுங்கியது.

கோடு நடுங்கினால் கணக்கு கெட்டுவிட்டது என்பது அந்தத் துறையின் பால பாடம். அதற்கு மருந்தும் உண்டு. ரத்தத்தில் இல்லாத பிசுபிசுப்பைக் கணக்கில் கொஞ்சம் கூட்டினால் நடுக்கம் அடங்கிவிடும். முரண்டு மருந்தைத் தொடவில்லை. தன் தப்பைத் தேடினாள். கட்டங்களைப் பாதியாக்கினாள், துண்டுகளைப் பாதியாக்கினாள், வேறு முறையில் போட்டாள். எட்டு மாதம் மண்டை காய்ந்தது. பிழை என்றால் ஒவ்வொரு முறையும் அது இடம் மாற வேண்டும், அளவு மாற வேண்டும். இது நொடிக்கு நூற்றைம்பது சொச்சம் தடவை என்று அதே இடத்தில் அசையாமல் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனவள், அவரிடம் பாத்திரத்தை எடுத்துக் கொடுக்கும்போது தற்செயலாக அவர் இடது முன்கையைப் பிடித்தாள். விர்ர். ஏழு வருடமாகத் தெரிந்த அதிர்வு. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"அண்ணா, உன் கை நடுங்குது!"

"இப்பத்தான் கண்டுபிடிச்சியா? இதுக்கா உனக்கு டாக்டர் பட்டம் கொடுக்கப்போறாங்க?"

சின்ன மைக் ஒன்றை அவர் கையில் ஒட்டி ஒலியைப் பதிவு செய்தாள். நொடிக்கு நூற்றைம்பதுக்குப் பக்கத்தில்தான் அதுவும் நின்றது. இது முழுவதும் நான்காம் அத்தியாயம் ஆனது.

ஆய்வேடு வெளித் தேர்வாளரிடம் போனது. அந்தத் துறையில் எல்லோரும் தங்கள் கணக்கை ஒத்துப் பார்க்க ஒரு மாதிரிக் குழாய் உண்டு, அதன் கணக்கு அவர் போட்டது. அவர் எண்ணோடு ஒத்துப் போனால்தான் உன் எண் சரி. அவர் கோடு வழவழ. அதனால் எல்லோர் கோடும் வழவழ. அறிக்கையில் அவர் எழுதியிருந்தார்: நான்காம் அத்தியாயத்தில் இருப்பது முறையின் பிழை, அதை நீக்கினால் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன்.

ஆராய்ச்சியை முடிக்கக் கொடுத்த ஏழு வருடக் கெடு அந்த மாதத்தோடு முடிந்தது. இனி நீட்டிப்பு இல்லை. ஆராய்ச்சி வழிகாட்டி, நல்ல மனசுக்காரர், தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஊரோடு ஒத்துப் போம்மா. ஒரு அத்தியாயம்தானே? பட்டத்தை வாங்கிட்டு அப்புறம் என்ன வேணா எழுது."

"பட்டத்துக்காக இப்ப ரத்தத்தைப் பாகா காய்ச்சச் சொல்றீங்களா மேடம்?"

"உனக்கு நல்லது சொன்னா ஏறாது."

"ஏறாது மேடம். அதுக்குத்தான் பேரே."

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்கு வந்து அழுதாள். ஏழு வருடம் ஆற்றில் கரைத்த புளி ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

வாய்மொழித் தேர்வு ஒரு சின்ன அறையில் நடந்தது. ஏசியிலிருந்து ஒழுகிய தண்ணீர் மூலையிலிருந்த வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பதால், கடைசி வரிசையில் முழுக்கைச் சட்டையோடு அண்ணன் உட்கார்ந்திருந்தார். மேசையில் ஒரு தாள் தயாராக இருந்தது. நான்காம் அத்தியாயத்தை நீக்கச் சம்மதிக்கிறேன் என்று டைப் அடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

நாற்பது நிமிடம் பேசினாள். தேர்வாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்தத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நல்ல வேலை. இந்த நடுக்கத்தை மட்டும் எடுத்துடுங்க. உடம்புக்குள்ள ரத்தம் இப்படி உதறாது."

"உதறுது சார்."

"உங்க கம்ப்யூட்டர்ல."

"இல்ல சார். கையில."

வழிகாட்டி தொண்டையைச் செருமினார். அப்போது பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. அண்ணன் எழுந்து, சட்டைக் கையை மடித்துவிட்டபடியே நடந்து வந்தார். இது முரண்டு போட்ட திட்டமல்ல. அவளே திகைத்துப் போனாள்.

"மன்னிக்கணும் சார். பதினேழாம் நம்பர்னு படிச்சீங்களே, அது நான்தாங்க. எனக்குக் கணக்கு தெரியாது. பம்பு தெரியும். தொட்டுப் பாருங்க."

மறுக்கவும் முடியாமல் தேர்வாளர் இரண்டு விரலை வைத்தார். உடனே எடுத்தார். மறுபடி வைத்தார், இந்த முறை உள்ளங்கையை. முப்பது வருடம் ரத்த ஓட்டத்தைக் கணக்குப் போட்டவர். ஒரு ஃபிஸ்டுலாவைத் தொட்டுப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று முகத்திலேயே தெரிந்தது.

"இருக்கு" என்றார் மெதுவாக. பிறகு நிமிர்ந்தார். "ஆனா இது இருக்குங்கிறதால உங்க எண் சரின்னு ஆயிடாது."

"ஆகாது சார். நிச்சயமா ஆகாது. அதை நிரூபிக்கத்தான் நாலாம் அத்தியாயம். உங்க மாதிரிக் குழாயையும் பத்தாயிரம் துண்டா வெட்டிப் போட்டுப் பாத்தேன். அதுவும் நடுங்குது. கடைசிப் பின்னிணைப்புல இருக்கு."

வழிகாட்டி கண்ணை மூடிக்கொண்டார். தேர்வாளர் ஆய்வேட்டைப் பின்பக்கமிருந்து புரட்டினார். அந்தப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அதுவரை யாரும் பிரிக்கவில்லை. அவர் படித்தார். வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கட்டத்தின் அளவு என்ன என்று கேட்டார், சொன்னாள். பாதியாக்கினால் என்ன ஆகிறது என்று கேட்டார். அடுத்த பக்கத்தைக் காட்டினாள். வெகுநேரம் கழித்து, அடித்து வைத்திருந்த தாளை எடுத்து நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"என் குழாயை நான் மறுபடி போட்டுப் பாக்கணும்" என்றார். அந்தக் குரலில் பாராட்டு இல்லை. பரிந்துரைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார்.

படிவத்தின் அடியில் ஆய்வாளர் நிரப்ப வேண்டிய கட்டம் ஒன்று இருந்தது: தேர்வாளர் சொன்னபடி செய்த திருத்தங்கள். வழக்கமாக அதில் எல்லோரும் அரைப் பக்கம் எழுதுவார்கள்.

"இன்னும் எவ்வளவு நேரம்தான் சட்டையை மடிச்சுக்கிட்டு நிக்கிறது? எழுது முரண்டு" என்றார் அண்ணன்.

"எதுவும் இல்லை" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.