வருமானம் இல்லை என்று யார் எழுதித் தருவது?

போன மாதம் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். பயப்படாதீர்கள்... வழக்கு என்னுடையது அல்ல!

மாதம் ஒருமுறை நானும் நண்பர்கள் சிலரும் இந்த அரபு நாட்டுச் சிறைக்குப் போவோம். யாரும் பார்க்க வராத நம் ஊர்க்காரர்களைப் பார்த்துவிட்டு வருவோம். அப்படி அறிமுகமானவர் செல்லமுத்து. அரியலூர்ப் பக்கம். லாரி டிரைவர். விபத்தில் ஓர் உயிர் போய்விட, இரண்டு வருடத் தண்டனை. அதைப் பற்றி அவர் முறையிட்டதே இல்லை.

"கண்ணாடிதான் சார்..." என்றார்.

கைதான அன்று அதிகாரிகள் வாங்கி வைத்த மூக்குக் கண்ணாடி எட்டு மாதமாகத் திரும்பவில்லை. எப்போது கேட்டாலும் 'நாளைக்கு'தான்.

"ஊட்டுலேருந்து லெட்டர் வருது. பக்கத்துல படுக்குற ஆளுதான் படிச்சுக் காட்டுறாரு. பொண்டாட்டி எழுதுனத அடுத்தவரு சத்தமா படிச்சா... கூச்சமா இருக்கு சார்."

கைதி கோர்ட்டில் முறையிடலாமா? முறையிடலாம். டைப்பிங் சென்டரில் மனுவை அரபியில் அடித்து வாங்கி, செல்லமுத்துவின் கையெழுத்தோடு கொண்டுபோனேன்.

கவுன்டரில் ஒரு பெஷாவர்க்காரர். "ஃபீஸ்?" என்றார்.

நாங்களே கட்டியிருப்போம். ஆனால் செல்லமுத்து சொல்லியிருந்தார்: "தர்மமா வேணாம் சார். சட்டத்துல வழியிருந்தா பாருங்க."

வழி இருந்தது. வசதி இல்லாதவருக்குக் கட்டணம் கிடையாது. ஆனால், வருமானம் இல்லை என்று கம்பெனி கடிதம் தர வேண்டுமாம்.

"பாய், ஆள் ஜெயில்ல இருக்கார்!"

"அச்சா... அப்போ ஜெயில்ல இருக்கார், சம்பளம் இல்லைன்னு கம்பெனி எழுதட்டும்."

கம்பெனியோ, 'அப்படி ஒரு ஆளே எங்களிடம் இல்லை' என்று கைகழுவியது. கோர்ட் கவுன்டருக்கு மூன்று முறை அலைந்தேன். மூன்றாவது முறை பெஷாவர்க்காரர் மனுவை முழுக்கப் படித்தார். மனைவியின் கடிதத்தை அடுத்தவர் படித்துக் காட்டும் விஷயம் வந்த இடத்தில் நிறுத்தினார்.

"என் பீவியும் ஊர்லதான் இருக்கா" என்றார். ஃபைலை எடுத்துக்கொண்டு அவரே நீதிபதியின் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது அதில் கையெழுத்து இருந்தது.

"கலாஸ், முடிஞ்சது. ஃபீஸ் மாஃபி, கிடையாது!"

விசாரணைக்கு முந்தின நாளே கண்ணாடி வந்துவிட்டது. கோர்ட் வராந்தாவில் செல்லமுத்து என்னை உற்றுப் பார்த்துச் சிரித்தார். "நேத்து பழைய லெட்டரெல்லாம் நானே படிச்சேன் சார்... அழுதுட்டேன்."

உள்ளே நீதிபதி கேட்டார்: "கிடைத்துவிட்டதே... மனுவை வாபஸ் வாங்கலாமா?"

வாங்கிவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன்.

செல்லமுத்து கைகட்டி நின்றார். "எனக்குக் கெடச்சிருச்சுங்கய்யா. உள்ள இன்னும் ஆறு பேரு கண்ணாடிய வாங்கி வச்சுட்டதால கண்ணு தெரியாம தடவிக்கிட்டு இருக்காங்க. அவங்களுக்கும் குடுக்கச் சொல்லுங்கய்யா."

மொழிபெயர்ப்பாளர் நீதிபதியின் பக்கம் திரும்பினார். பிறகு ஒரு சொல் விடாமல் சொன்னார். நீதிபதி தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

மறுவாரம் ஆறு பேருக்கும் கண்ணாடி வந்தது. அவர்களில் வேறு நாட்டுக்காரர்களான நாலு பேருக்கு 'செல்லமுத்து' என்ற பெயரைச் சரியாகச் சொல்லக்கூட வராது!