ஏவுகணைக்குப் பயந்து மலையேறினேன்

வியாழன், காலை ஏழு மணி. மீனாட்சிபுரம் சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டுப் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். நடுக்கடல் தீவு ஒன்றில் இருக்கும் வெளிநாட்டுப் படைத்தளம் வரை ஏவுகணை எட்டும் என்று முந்தின நாள் டிவியில் சொல்லியிருந்தார்கள். அந்தத் தளத்துச் சமையற்கூடத்தில்தான் என் தங்கை மகன் தினேஷ் வெங்காயம் உரிக்கிறான். ஏவுகணை வரும் தூரத்தை போன் வரைபடத்தில் விரலால் அளந்து பார்த்தேன். விரல் தடிமன், அதனால் எங்கள் மாட்டுக்கொட்டகையும் அதற்குள் வந்துவிட்டது.

தங்கை வேலை செய்யும் தேயிலை எஸ்டேட்டுக்குப் போக உடுமலையில் மூணாறு பஸ். எண்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். சின்னாறு தாண்டி ஒரு வளைவில் தலைக்கு மேலே பெரிய உறுமல். சீட்டுக்கடியில் குனிந்துவிட்டேன்.

"ஏனுங்க, வாந்தி வருதுங்களா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க, மேல என்னமோ வருது."

"லாரிங்க. மேல் ரோட்டுல எறங்குது."

பகல் பன்னிரண்டுக்கு எஸ்டேட். அங்கே டவர் கிடைக்கும் ஒரே இடம் கொழுந்தை எடைபோடும் கொட்டகைப் பக்கத்துச் சில்வர் ஓக் மரம். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் போன்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அதில் மாட்டிவிட்டுப் போவார்கள், இருட்டிய பிறகே எடுப்பார்கள். அடித்தால் அந்தப் பக்கம் போகிறவர் எடுத்துப் பேசி, மலைக்குக் குரல் கொடுப்பார். இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தினேஷ் படம் ஒட்டிய தங்கை சரசுவின் போன் தூறலில் ஆடிக்கொண்டிருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு நடந்தேன்.

மாலை ஐந்துக்குச் சரசு வந்தாள். செய்தி கண்ணில் படாமலிருக்க டிவியை அவள் முன்பே துணி போட்டு மூடி வைத்திருந்தாள்.

"வா அண்ணே. தினேஷ் மத்தியானம் கூப்பிடறேன்னான். கூப்பிடல," என்றாள். பாலில்லாத கட்டஞ்சாயாவை என்னிடம் நீட்டினாள்.

"ஒண்ணும் ஆவாது சரசு." சொல்லிக்கொண்டே வாசல் வழியாக வானத்தைப் பார்த்தேன்.

"நீ ஆறுதல் மட்டும் சொல்லாத. கேட்டா இன்னும் பயமா இருக்கு."

பக்கத்து வீட்டுச் செல்வி வாசலுக்கு வந்து நின்றாள். "எக்கா, மரத்துல ஒங்க போனக் காணல. எந்தக் களவாணிப் பய எடுத்தான்னு தெரியல."

என் கை மெதுவாகச் சட்டைப்பைக்குப் போனது. சரசு பார்த்தாள். போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள், பின்னால் நானும் செல்வியும்.

மரத்தடியில் போய் நின்ற சற்று நேரத்திலேயே போன் அடித்தது. தினேஷ்தான்.

"எம்மா, எங்க போன? அடிச்சு அடிச்சுப் பாத்தேன். லயத்துக்குள்ள ஆனை வந்துருச்சோன்னு பயந்துட்டேன்."

"ஆனை இல்லடா. உங்க மாமா வந்திருக்காரு."

அங்கே எப்படி என்று சரசு கேட்டாள். "சைரன் ஊதுனா பங்கருக்குள்ள போவோம். நின்னா வந்து சோறாக்குவோம். ஒப்பந்தம் முடிய இன்னும் ரெண்டு மாசந்தாம்மா." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாப்ட்டியா?" என்றாள்.

மறுநாள் ஊர் திரும்பினேன். மீனாட்சிபுரத்தில் மூலைமுடுக்கெல்லாம் டவர் கிடைக்கும். ஆனாலும் என் போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொட்டகைத் தூணில் மாட்டினேன்.

"ஏனுங்க, இத எதுக்கு இங்க தொங்க விடறீங்க?" என்றாள் மனைவி.

"ரெண்டு மாசத்துக்கு அங்கயே கெடக்கட்டும். அடிச்சா யாரு வேணா எடுங்க. என்ர சட்டப்பையில மட்டும் வேண்டாம்."