மணிக்கூண்டில் பெருந்தேன்

மட்டக்களப்புப் புளியந்தீவில் வாவியை ஒட்டி நிற்கும் அந்தப் பழைய மாதா கோயிலின் மணி பல வருடங்களாக ஒலிக்கவில்லை. மணிக்கு ஒரு குறையும் இல்லை. கூண்டின் வெளி விளிம்புக்குக் கீழே பெருந்தேனீக்கள் சுளகு அகலத்தில் இரண்டு அடைகள் கட்டியிருந்தன. ஒருமுறை செத்தவீட்டுக்கு மணி அடித்தபோது ஈக்கள் கிளம்பி, சவப்பெட்டி தூக்கி வந்தவர்களையே கொட்டித் தள்ளின. பெட்டி நடு முற்றத்தில் தனியாகக் கிடந்ததாம். ஏறிக் கலைக்கலாமென்றால் அது யுத்த காலம். இராணுவக் காவலரணுக்கு எதிரே அவ்வளவு உயரத்தில் ஓர் ஆள் அசைந்தால் என்ன ஆகுமோ என்று எவரும் ஏறவில்லை. வேப்பமரத்தில் தண்டவாளத் துண்டொன்றைக் கட்டித் தொங்கவிட்டு, பூசைக்கு அதையே தட்டினார்கள்.

சீதேவிப்பிள்ளை அந்த முற்றத்தைக் கூட்டுகிற வேலைக்கு வந்தவள். வாகரைக்கு அங்கால் ஒரு காட்டோரக் கிராமம் அவளுடையது. புருஷன் வேலன் கடலுக்குப் போகாத நாட்களில் காட்டில் தேன் எடுப்பான். அவன் மரத்தில் ஏறுவான். அவள் கீழே நின்று புகை மூட்டிக் கயிறு பிடிப்பாள். சுனாமி வந்த காலையில் அவன் கரையில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். உடல்கூடக் கிடைக்கவில்லை. பிறகு ஷெல் விழத் தொடங்கியபோது மிஞ்சியதையும் விட்டுவிட்டு, சனத்தோடு சனமாகக் காட்டுவழியே நடந்து மட்டக்களப்பு முகாமுக்கு வந்து சேர்ந்தாள். ஊர்ச் சனங்கள் திரும்பிப் போனபோது அவள் போகவில்லை. கடல் தெரிகிற இடத்தில் இருக்க அவளால் முடியாது. வாவி பரவாயில்லை, அது அலை எறியாது.

இரண்டாயிரத்து ஒன்பதில் யுத்தம் முடிந்தது. ஓகஸ்ட்டில் மாதா திருநாள். புதிதாக வந்த இளம் பாதர் இந்த முறை மணி அடித்தே ஆகவேண்டும் என்று நின்றார். காவலரணில் கேட்டார், ஏறலாம் என்றார்கள். அன்று மாலையே ஆண்கள் முற்றத்தில் கூடி அண்ணாந்து பார்த்து நின்றார்கள். தீப்பந்தம் கட்டி எரிப்பது என்று முடிவானது.

விளக்குமாறோடு நின்ற சீதேவியால் வாயை அடக்க முடியவில்லை.

"எரிச்சா தேனும் போயிரும், கோயிலும் கரி பிடிச்சிரும். புகை காட்டி எடுக்கலாம்."

கோயிலைத் திறந்து பூட்டுகிற சங்கிலித்தாம் அருமைநாயகம் திரும்பினார். "ஆரு கா ஏறுற?"

"நான் ஏறுறன்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே விளங்கியது. வாழ்நாளில் ஒரு மரம்கூட ஏறியதில்லை. ஆனால் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு அண்ணாந்து அடைகளைப் பார்த்தாள். உள்ளே எழுந்தது பயமா சந்தோசமா என்று பிரித்துச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. வேலன் போன நாளிலிருந்து அப்படி ஒன்று அவளுக்குள் அசைந்ததே இல்லை.

அடுத்த நாள் விடிய, ஆம்பிளைச் சாரமொன்றை இடுப்பில் மடித்துக் கட்டி, வேலனைப் போலவே காய்ந்த சருகைப் பச்சை இலைகளுக்குள் வைத்துச் சுற்றிக்கொண்டு, கத்தியும் வாளியுமாக வந்தாள். கயிற்றின் ஒரு நுனி அவள் இடுப்பில். கூண்டுக்குள் மணி தொங்கும் உத்தரத்தில் அதைச் சுற்றிச் சன்னல் வழியே முற்றத்துக்கு விட, மறு நுனியைப் பாதரும் அருமைநாயகமும் பிடித்துக்கொள்வது என்று ஏற்பாடு.

உள்ளே மரப்படிகள் உளுத்திருந்தன. புறா எச்சம் கணுக்கால் வரை. சுவரில் கை வைத்தபோது மறுபக்கத்து ரீங்காரம் உள்ளங்கையில் அதிர்ந்தது. மேலே சன்னல் வழியாக விளிம்பில் கால் வைத்தாள்.

கீழே வாவி வெள்ளித் தகடாக விரிந்திருந்தது. கோட்டையின் கறுத்த மதில், ஓட்டுக் கூரைகள், கல்லடிப் பாலம், அதற்கும் அப்பால் கடல். அவள் அதைப் பார்க்க நினைக்கவில்லை; கண் போய்விட்டது. அது அங்கே நீலமாக, ஒன்றும் அறியாததுபோலக் கிடந்தது. "கிடந்துக்கோ" என்று சொல்லிவிட்டு அவள் இலைக்கட்டை மூட்டி, குனிந்து அடைகளின் மேல் புகையை ஊதினாள்.

ஈக்கள் கறுப்புத் திரையாகப் பிரிந்து எழுந்தன. காதிலும் கழுத்திலும் கொட்டின. அப்போது வாய் தானாகப் பாடத் தொடங்கியது. தேன் எடுக்கும்போது வேலன் காட்டுத் தெய்வங்களை அழைத்துப் பாடுகிற பாட்டு. அவள் ஒருநாளும் பாடிப் பார்த்ததில்லை. கீழே நின்று கேட்டவள்தான். ஒரு சொல் பிசகாமல் வந்தது. மாதா கோயில் உச்சியில் நின்று அவள் காட்டுத் தெய்வங்களைக் கூப்பிட, கீழே கயிறு பிடித்திருந்த பாதர் கண்ணை மூடித் தன் செபத்தைச் சொன்னார்.

முதல் அடையை அறுத்தபோது கை வழுக்கிவிட்டது. அது அப்படியே போய்ப் பாதரின் வெள்ளை அங்கியில் விழுந்து சிதறியது. தலையிலிருந்து கால் வரை தேன்.

"பாதர், கயித்த விட்டிராதீங்க," என்றார் அருமைநாயகம்.

பாதர் கயிற்றை விடவில்லை. உதட்டை மட்டும் நக்கிப் பார்த்தார். "நல்ல தேன்," என்றார்.

இரண்டாவது அடை வாளியில் பத்திரமாக இறங்கியது. சீதேவி கீழே வந்தபோது ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்றக் கண்ணில் சிரிப்பு. தெருவில் போனவர்கள் எல்லாரும் உள்ளே வந்து விரலைத் தோய்த்தார்கள். அடை போன பிறகு ஈக்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேறிடம் தேடிப் பறந்துவிட்டன.

திருநாள் காலை பாதர் மணிக்கயிற்றை அவளிடம் நீட்டினார்.

"நான் சைவச் சமயம், பாதர்."

"தெரியும். இழுங்க."

அவள் இழுத்தாள். முதலில் துருவின் முனகல். அடுத்த இழுப்பில் மணி வாய் திறந்தது. சத்தம் ஓடுகளுக்கு மேலால் போய், தண்ணீரைத் தாண்டி, அந்தக் கரையில் மோதித் திரும்பியது. கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். கோட்டைமுனைப் பாலத்தில் சைக்கிள்கள் நின்றன. காவலரணில் இருந்த சிப்பாய்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்தான். அருமைநாயகம் அழுதுகொண்டே "போதும், போதும்" என்றார். அவள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு தேனடை எடுத்துத்தரச் சொல்லி நகரமே அவளைத் தேடி வந்தது. பழைய பள்ளிக்கூடம், ஒரு பள்ளிவாசல், வெள்ளைக்காரன் காலத்து மாடிவீடு, கப்பல்களுக்கு விளக்குக் காட்டும் பாலமீன்மடு வெளிச்சவீடு. எந்தக் கட்டடத்து விளிம்பில் கால் வைக்கலாம், எது உதிரும் என்று அவளுக்குப் பாதத்தால் தெரிய வந்தது. வெளிச்சவீட்டுக்குப் போன நாளில், வேலை முடிந்தும் இறங்காமல் உச்சியிலேயே இருந்து, கடலைப் பார்த்தபடி கட்டிச் சோறு சாப்பிட்டாள்.

மறு வருடம் தேன் காலத்தில் அவள் தன் காட்டோர ஊருக்கே திரும்பிவிட்டாள். போன கையோடு வேலன் ஏறுகிற பாலைமரத்தில் ஏறப் பார்த்தாள், பாதியில் இறங்கிவிட்டாள். ஊர்ப் பெண்கள் சிரித்தார்கள்.

"கோயில் உச்சியில ஏறினவளுக்கு மரத்தில என்ன கா பயம்?"

"கோயில் அசையாம நிக்கும்," என்றாள் சீதேவி, மூச்சு வாங்க. "இந்த மரமெண்டா ஆடுது." தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, மறுபடியும் மரத்தில் கை வைத்தாள்.