இரண்டே பேர் உட்காரும் கார்

இந்திராணி போய்விட்டாள் என்று பள்ளி அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தபோது, நான் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் கொடுத்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் தாமே வகுப்பு வாசலுக்கு வந்து சொன்னார். பக்கத்து வகுப்பு ஆசிரியை வெளியே வந்தார். "ஐயோ" என்றுகூட அவர் சொல்லவில்லை. "காரா?" என்றுதான் கேட்டார்.

கார் இல்லை. கொசு கடித்து வரும் டிங்கிக் காய்ச்சல். மலாக்கா மருத்துவமனைக் கட்டிலில், ரத்தத்தில் ஏதோ குறைந்துகொண்டே போய்ப் போனாள். இதை அன்று மாலைக்குள் பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக்காரரிடமும், பள்ளி இருக்கும் ரப்பர்த் தோட்டத்தின் அலுவலகக் கிராணியிடமும், பேருந்தில் என் அருகே உட்கார்ந்த முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. எல்லோருக்கும் ஒரே கேள்விதான் வாயில் வந்தது.

அவளை அறிந்த உங்களில் பலர் மறுநாள் புக்கிட் பெருவாங்கில் அவள் வீட்டு வாசலில் நின்றீர்கள். போர்ச்சில் நின்ற மஞ்சள் காரைக் கண்ணால் காட்டிக் காட்டிப் பேசினீர்கள். "பொம்பள இந்த மாதிரி காரு வாங்குனா இப்படித்தான்லா" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. பெயரைச் சொல்லமாட்டேன். அவருக்குத் தெரியும். அந்த எரிச்சல் அடங்காமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எனக்கு அது வரவில்லை. பத்து வருடத்துக்கு மேல் ஒரே ஆசிரியர் அறையில் 'வாடி போடி' என்று பழகியவர்கள் நாங்கள்.

உண்மையில் ஆசிரியர் அறையில் அவளோடு உட்கார்ந்தவர் யாரும் இல்லை. அவள் உட்காரவே மாட்டாள். அவளுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. அதில் அவளுடைய கைப்பை உட்கார்ந்திருக்கும். மைலோவை நின்றுகொண்டே குடிப்பாள், கணக்குப் புத்தகங்களை நடந்துகொண்டே திருத்துவாள். ஒருமுறை ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் பொறுமை இழந்து, "டீச்சர், கொஞ்சம் உக்காருங்களேன், எனக்குத் தலை சுத்துது" என்றார். "நீங்க சீக்கிரம் பேசி முடிங்க சார், நான் வீட்ல போய் உக்காந்துக்கிறேன்" என்றாள். வீட்டிலும் உட்காரமாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய அண்ணன் முனியாண்டி, ஆயர் குரோவில் தொழிற்சாலைத் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் பேருந்தின் ஓட்டுநர். அண்ணன், அண்ணி, அவர்களுடைய பிள்ளைகள், போகவர இருக்கும் சொந்தங்கள் என்று வீடு எப்போதும் நிறைந்திருக்கும். தங்கைகளைக் கட்டிக்கொடுத்ததில் இந்திராணிக்குப் பங்கு உண்டு. தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அவள் அறையில் அண்ணன் மகள்கள் படுத்தார்கள், அவள் அலமாரியில் அண்ணியின் சேலைகள் தொங்கின. அவள் இதைக் குறையாகச் சொன்னதே இல்லை. ஆனால் நாற்பதை நெருங்கும்போது, தனக்கு மட்டும் சொந்தமான ஒரு பொருள் வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அதற்கு அண்ணன் வாயிலிருந்து 'சரி' என்று வரவும் வேண்டும் என்று நினைத்தாள். சிக்கலே அங்கேதான்.

அந்தப் பொருள் சுல்தான் நானாவின் கடை வாசலில் நின்றது. ஜப்பானில் ஓடிப் பழையதான கார்களைக் கொண்டுவந்து, புதுப்பித்து, ரீகண்டிஷன் என்று விற்கும் வியாபாரம் இந்தத் தொண்ணூறுகளில் சூடுபிடித்திருந்தது. மலாக்காவில் நானா அதில் பெரிய கை. நாங்கள் வங்கிக்குப் போகும் வழியில் இந்திராணி சட்டென்று நின்றாள். இரண்டு கதவு, இரண்டே இருக்கை, மஞ்சள் நிறம். அதன் பக்கத்தில் நான்கு கதவுள்ள ஒரு நீலக் கார். அதுவும் வேகத்துக்கென்றே செய்ததுதான்.

"மஞ்சள் பேக் வீலு டீச்சர், பின் சக்கரம் மட்டும் தள்ளும். நீலத்துக்கு நாலு வீலும் சுத்தும்" என்றார் நானா. "மஞ்சள் விளையாட்டுப் பிள்ள. நீலம் மருமகப் பிள்ள. நீலத்த எடுங்க, வீட்ல யாரும் ஏச மாட்டாங்க."

அவளுடைய அடையாளக் கார்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பாதி நம்பிக்கையோடு சாவிகளைக் கொடுத்தார். முதலில் நீலத்தில் செர்காம் பக்கம் போனோம். மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் இந்திராணி அழுத்தி மிதித்தாள். கார் சாலையை விடாமல் பிடித்துக்கொண்டு போனது. கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். "எப்படி?" என்றேன். "நல்ல காருதான். என்கிட்ட ஒன்னுமே கேக்கல" என்றாள்.

பிறகு மஞ்சள். அதே மழை, அதே வளைவு. அவள் மிதித்ததும் காரின் பின்பக்கம் வெளியே நழுவியது. நான் "முருகா!" என்று கத்தினேன். அவள் காலைக் கொஞ்சம் தளர்த்தி, ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தாள். வால் உள்ளே வந்தது. ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "பாத்தியா லெட்சுமி, வழுக்குறதுக்கு முந்தியே சொல்லிருச்சு. இடுப்புல சொல்லுச்சு எனக்கு!"

"எனக்கு உயிர்ல சொல்லுச்சு" என்றேன்.

அன்றைக்கே முடிவெடுத்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. மாதக்கணக்கில் இழுத்தாள். ஆசிரியர் அறை மேசையில் கரும்பலகை அழிப்பானை வைத்து எங்களுக்கு விளக்கம் நடக்கும். "பின்னாலேருந்து தள்ளுனா முன் சக்கரத்துக்கு ஒரே வேலை, திரும்புறது. நாலும் சுத்துனா முன் சக்கரம் இழுக்கவும் வேணும், திரும்பவும் வேணும். நம்ம மாதிரி பள்ளிக்கூடமும் பாத்து அடுப்பும் பாக்கணும்." அடுத்த நாள் அவளே மாற்றிப் பேசுவாள். எங்கள் பள்ளிக்கு வரும் பாதையில் கடைசிப் பகுதி செம்மண். மழை பெய்தால் வெண்ணெய். நீலம் ஏறிவிடும், மஞ்சள் அங்கேயே நின்று மண்ணை வாரி இறைக்கும். என் கட்சி நீலம்தான். நான் அதைச் சொன்னால் "சரிதான்டி" என்று ஒப்புக்கொள்வாள். காலையில் கண் சிவந்து வருவாள். "படுக்கும்போது நீலத்துல படுக்குறேன். விடியக்காத்தால பாத்தா மஞ்சள்ல இருக்கேன்." எங்களுக்கும் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். தலைமையாசிரியர் வணக்கம் சொல்வதற்கு முன்னால் "இன்னிக்கு எந்தக் கலரு டீச்சர்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

நீலத்தின் பக்கம் சாய்ந்திருந்த ஒரு நாளில், அண்ணனிடம் "ஃபோர் வீல் ஒன்னு வாங்கலாமான்னு பாக்குறேண்ணே" என்று சொல்லிவிட்டாள். வந்தது வினை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு 'ஃபோர் வீல்' என்றால் ஒன்றே ஒன்றுதான்: துரையின் ஜீப். செய்தி அண்ணன் வாயிலிருந்து ஜாசின் பக்கத்துத் தோட்டம்வரை போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து அவர்களுடைய வேலு சித்தப்பா குடும்பத்தோடு நல்ல உடுப்பில் வந்து இறங்கினார். சன்னாசி மலைத் திருவிழாவுக்கு ஜீப்பில் யார் யார் போவது, பின்னால் எத்தனை பிள்ளைகளை ஏற்றலாம் என்பதெல்லாம் வரும் வழியிலேயே முடிவாகியிருந்தது. அன்று நானும் அங்கே சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். இந்திராணி நீலக் காரின் புகைப்படத்தை நீட்டினாள். சித்தப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னாம்மா இது, ஜீப்பு உக்காந்துருச்சு?"

சிரித்து ஓய்ந்ததும் வீடு நீலத்துக்கு மாறிவிட்டது. நான்கு கதவு இருக்கிறது, ஐந்து பேர் போகலாம், நெருக்கினால் ஏழு. முனியாண்டி அண்ணன் தீர்ப்புச் சொன்னார்: "நீலத்தையே எடு. மழையில வழுக்காது. பேக் வீலு ஆபத்து."

"வழுக்காம கெளம்பும்ணே. நிக்கிறதுக்கு அது உதவாது. பிரேக்கு எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்துலதான் புடிக்குது."

"சொன்னா கேளு. பேக் வீலு வேணாம்."

"தெனமும் ஒரு பஸ்ஸு ஆளுங்கள ஏத்திக்கிட்டு ஓட்டுறீங்களே, அது என்னா வீலுண்ணே?"

பிள்ளைகள் குபீரென்று சிரித்தார்கள். அண்ணனின் முகம் செத்துவிட்டது. "பஸ்ஸு வேற" என்றார். பிறகு குரலை இறக்கி, "சரி. ஒரே ஒரு காரணம் சொல்லு. ஏன் அந்த மஞ்சள்?" என்று கேட்டார்.

எடை, சமநிலை, முன் சக்கரத்தின் வேலை என்று அவளிடம் கைவசம் பத்துக் காரணம் இருந்தது. எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். அவள் ஒன்றையும் எடுக்கவில்லை. அண்ணனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அதுல ரெண்டு பேருதாண்ணே உக்காரலாம். அதான்."

அண்ணியின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. இவ்வளவு காலம் இவள் சக்கரத்தைப் பற்றிப் பேசியதெல்லாம் இதைச் சொல்ல முடியாமல்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணன் எழுந்தார். "உன் சம்பாத்தியம், உன் இஷ்டம். ஆனா நான் அதுல ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

மஞ்சள் வந்தது. அதற்கான விலையையும் அவள் முணுமுணுக்காமல் கொடுத்தாள். மழை நாளில் தார்ச்சாலை முடியும் இடத்துச் சாப்பாட்டுக் கடையில் காரை நிறுத்திவிட்டு, செம்மண்ணில் டிராக்டரில் தொற்றிக்கொண்டு பள்ளிக்கு வருவாள். "டீச்சர் காருக்கு ஒரு ஜோடி சிலிப்பர் வாங்கிக் குடுங்கலா" என்று பால்மரம் வெட்டும் பெண்கள் கேலி செய்வார்கள். சாயங்காலங்களில் என்னை ஏற்றிக்கொண்டு கோலா சுங்கை பாரு வரை போவாள். கடல் தெரிந்ததும், மீன் படகுகளைக்கூட ஒழுங்காகப் பார்க்காமல், "வந்தாச்சுல்ல, போலாம்" என்று திருப்பிவிடுவாள். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எனக்குக் கோபம் வரும். கார் வாங்கினால் அடங்குவாள் என்று நினைத்திருந்தேன். அடங்கவில்லை.

காரணம் இடப்பக்கத்து இருக்கை. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கதவைத் திறந்து, துணியால் இருக்கையைத் துடைத்துவிட்டு, போர்ச்சில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அண்ணனைக் கூப்பிடுவாள். "சும்மா ஒரு ரவுண்டுண்ணே." அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் "கால் வலிக்குது" என்பார். எத்தனை தடவை பார்த்திருப்பேன்! "விட்டுத் தொலையேன்டி" என்று ஒருநாள் அவளைத் திட்டினேன். "அண்ணன் ஒரு தடவ உக்காந்துட்டாப் போதும் லெட்சுமி, எனக்குத் தூக்கம் வந்துரும்" என்றாள். இரண்டு தீபாவளி இப்படியே போனது.

பிறகு அந்தக் காய்ச்சல். உடம்பு வலி என்றுதான் பள்ளியில் சொன்னாள், அதையும் நடந்துகொண்டே சொன்னாள். நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அதுதான். மற்றது முனியாண்டி அண்ணன் சொன்னது. காரியமெல்லாம் முடிந்தபின் அவரே என்னைத் தேடி வந்து, எதிரில் உட்கார்ந்து சொன்னார்.

அன்று மத்தியானம் அண்ணி வீட்டு வேனை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். இந்திராணியால் நிற்க முடியவில்லை. கூப்பிட்ட டாக்சி வரவில்லை. வேறு வழியில்லாமல் அண்ணன் அவளைத் தூக்கி, அந்த இடப்பக்கத்து இருக்கையில் வைத்து, மஞ்சள் காரை எடுத்திருக்கிறார். அக்கம்பக்கத்தார் கண்டது அதைத்தான்: கார் பறந்தது, ஆள் திரும்பவில்லை. கதை அங்கேதான் பிறந்திருக்கிறது.

"நல்ல மழ டீச்சர். முச்சந்தியில வால ஆட்டுச்சு. புடிச்சிட்டேன். பஸ்ஸு ஓட்டுற கையில்ல" என்றார். "கண்ண மூடிக்கிட்டே 'எப்படிண்ணே இருக்கு?'ன்னு கேட்டா. எனக்குக் கோவம் வந்துருச்சு. பேசாம வான்னு ஏசிட்டேன். கொஞ்ச தூரம் போயி மறுபடியும் கேட்டா. ஆஸ்பத்திரி வாசல்கிட்ட மறுபடியும்."

"என்ன சொன்னீங்க?"

"நல்லாத்தான் இருக்கும்மான்னு சொன்னேன். 'அப்ப சரி'ன்னா." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொறந்ததுலேருந்து ஒரே வீடு டீச்சர். நாங்க ரெண்டு பேரும் மட்டும் தனியா இருந்தது அந்தக் கொஞ்ச நேரந்தான்."

காரை விற்றுவிடச் சொல்லிச் சொந்தங்கள் அவரை நச்சரிக்கிறார்கள். அவர் விற்பதாக இல்லை.

இந்திராணியை அறிந்தவர்களே, நாலு சக்கரமா பின் சக்கரமா என்ற கணக்கு எனக்கு இன்றும் தெரியாது. அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவளுடைய விடாப்பிடி ஒன்றைத்தான். மருத்துவமனையில் எல்லோரும் அவளைப் பார்த்து "எப்படி இருக்கு?" என்று கேட்டார்களாம். அவள் பதில் சொல்லவில்லையாம். தனக்கு வேண்டிய பதிலை அவள் வழியிலேயே வாங்கிவிட்டிருந்தாள். நல்லாத்தான் இருக்கு என்று அண்ணன் வாயிலிருந்து வரும்வரை கேட்டாள். காய்ச்சலிலும் கேட்டாள். கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனாள்.