முனைக்கு வைத்த துணி

கெட்செலுக்கு விரல்தான் பூதக்கண்ணாடி. கம்பளியா பருத்தியா என்று தொட்டே சொல்லிவிடுவார். ஜெருசலேமில், மேயா ஷெயாரிம் தெருவில், யூத ஆண்கள் வேதக் கட்டளைப்படி சட்டைக்குள் போடும் நாலு முனைக் குஞ்ச ஆடையை இருபத்தாறு வருடமாகத் தைத்துவந்தார். வேதக் கடமை முழுசாக நிறைவேறக் கம்பளிதான் வேண்டும் என்பார். பருத்தி கேட்டு வந்தவனிடம், "புழுக்கத்துக்குப் பயந்தா ஐஸ் பெட்டியில போய் உக்காரு" என்று எரிந்து விழுவார்.

அந்த விரல்தான் அவரைக் கவிழ்த்தது. குஞ்சம் கோக்கும் துளை கிழியாமலிருக்க முனைகளில் உள்ளே ஒட்டுத்துணி வைப்பார். பஸ்கா பண்டிகைக்கு முன் அதற்குக் கழிவு விலையில் ஒரு துண்டுத்துணி கிடைத்தது. தடவினார். பருத்தி என்றார். சோதனைக்குக் கொடுக்கவில்லை.

கோடையில், துணி சோதிக்கும் அவிக்தோர் கடைக்கே வந்துவிட்டான். கையில், யாரோ சோதிக்கக் கொடுத்த கெட்செல் ஆடையிலிருந்து பிரித்த முனை ஒன்று.

"இதுல லினன் இருக்கு, கெட்செல்."

"உன் கண்ணாடியத் தொடைடா."

"மூணு தரம் தொடைச்சாச்சு. நீங்களே பாருங்க."

பார்த்தார். வேதச் சட்டப்படி கம்பளியும், ஆளிச்செடி நாரில் நெய்த லினனும் ஓர் உடையில் சேரவே கூடாது. கடவுளுக்கென்று போட்டவன், போட்டிருந்த நேரமெல்லாம் பாவத்தையல்லவா சுமந்திருக்கிறான்! கெட்செல் விற்பனை நோட்டைப் புரட்டினார்.

அவிக்தோரிடம் வந்தது போக, அந்தத் துணி போட்டுத் தைத்தவை இன்னும் ஒன்பது. எட்டை வீடு வீடாக ஓடி வாசலிலேயே கழற்றி வாங்கினார். ஒன்பதாவதை வாங்கியவர் பேர் சொல்லாமல் போன, கால் தாங்கி நடக்கிற ஒரு மனிதர். தொழுகைக் கூடம், பஸ் நிறுத்தம் என்று ஒரு வாரம் தேடினார்.

"சுவரொட்டி அடிக்கப் போறேன். என் பேர் போட்டு" என்றார் மனைவி ஷைன்டலிடம்.

"பேர் வேணாங்க. 'ஒரு தையல்காரர்'னு போடுங்க. ரெண்டு பொண்ணுங்க கல்யாணத்துக்கு நிக்குதுங்க."

"பேர் இல்லாட்டி அந்த ஆளுக்கு எப்படிடீ புரியும்?"

"புரியாமலே போகட்டும்! தெரியாமப் போட்டது அவருக்குப் பாவமா?"

"எனக்குப் பாவம்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பட்டப்பகலில் அவரே ஒட்டினார்: பஸ்காவுக்கு முன் கெட்செலிடம் வாங்கியது, உடனே கழற்றவும். "பசையையாவது சோதிச்சு வாங்கினீரா?" என்றான் பின்னாலிருந்து ஒருவன். தெருவே சிரித்தது.

மறுநாள் காலை உள்ளிருந்து கடைக்கதவைத் தள்ள முடியவில்லை. வெளியே அவர் விற்ற குஞ்ச ஆடைகளின் குவியல். இந்த வருடத்தது, போன வருடத்தது, பதினைந்து வருடத்துக்கு முந்தியது. அவர் தைத்த எதையும் யாரும் உடம்பில் வைத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

கெட்செல் மண்டியிட்டு ஒவ்வொன்றாக முனையைப் பிரித்தார். "இது இல்ல. இதுவும் இல்ல." கொஞ்சம் பொறுத்து ஷைன்டலும் வந்து எதிரே உட்கார்ந்து பிரித்தாள். குவியல் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போய்ச் சேர்ந்தது.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேங்க. அந்த ஒன்பதாவது வரல."