ஜட்ஜ் மச்சானின் கட்டில்

என் அக்கா தெர்சாவைக் கட்டியவர் ஒபதையா க்ரம்ப். மிசூரியில் எங்கள் வில்லெட் ஜில்லாவுக்கு ஜட்ஜாக இருந்தார். சட்டம் எங்கே படித்தார் என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு முன்னால் குதிரைச் சேணம் தைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் ஜட்ஜ் என்றால் தேர்தலில் நின்று ஜெயிக்கிறவர். அதற்குக் குரல் பெரிதாக இருந்தால் போதும். வீட்டில் ஒரே ஒரு சட்டப் புத்தகம் இருந்தது. நல்ல கனம். பாலாடைக்கட்டி பிழியும்போது அக்கா அதைத்தான் மேலே பாரமாக வைப்பாள். மச்சான் கோர்ட்டில் அதைத் திறந்தால் முன்வரிசை வரைக்கும் புளிச்ச பால் வாடை அடிக்கும்.

ஆனால் வழக்கு கேட்பதில் மனுஷனை அடித்துக்கொள்ள ஆளில்லை. வேலி தாண்டிய பன்றிக்காக இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு வந்தால், பன்றி பிறந்த கதையிலிருந்து கேட்பார். "ஏன்? அப்புறம் ஏன்?" என்று அவர் கேட்கக் கேட்கவே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். அந்தக் காதை வீட்டு வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒரே மகள் மீலி ஐந்து வயதில் காய்ச்சலில் போனாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சு என்றால் அவர் பேச்சு மட்டும்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா எதுவும் சொல்ல மாட்டாள்.

இப்படி இருக்கையில் ஒரு சர்வேயர் வந்து சேர்ந்தார். எங்கள் ஜில்லாவுக்கும் பக்கத்து டாப்னி ஜில்லாவுக்கும் எல்லையாக நின்ற ஓக் மரம் இடி விழுந்து எரிந்துபோய் வெகுகாலம் ஆகியிருந்தது. சாலைத் தகராறு ஒன்றுக்காக எல்லையைப் புதிதாக அளந்தார்கள். மனுஷன் சங்கிலியை இழுத்துக்கொண்டே வந்து மச்சான் வீட்டுப் பின்கதவைத் தட்டினார்.

"அம்மா, கோடு உங்க வீட்டுக்குள்ள போகுது."

"போகட்டும். சேத்துக் காலைத் தொடச்சிட்டுப் போகச் சொல்லு" என்றாள் அக்கா.

கோடு சரியாக நடுச்சுவரில் ஓடியது. சமையலறை வில்லெட். படுக்கையறை டாப்னி.

தேர்தலில் மச்சானிடம் தோற்ற லீவை ஸ்னாட்கிராஸ் என்ற வக்கீலுக்கு இது போதாதா? மேல்கோர்ட்டுக்கு ஓடினான். "சாப்பாடு எங்க வேணும்னாலும் சாப்பிடலாம் ஐயா. மனுஷன் எங்க தூங்குறானோ அதுதான் அவன் ஊர்!" என்று மேஜையைத் தட்டி வாதாடினான். மேல்கோர்ட்டும் ஆமாம் போட்டது. அடுத்த அமர்வுக்குள் ஒபதையா க்ரம்ப் வில்லெட்டில் தூங்க வேண்டும், இல்லாவிட்டால் நாற்காலியைக் காலி செய்ய வேண்டும்.

"தெர்சா, கட்டிலை அடுப்பங்கரைக்கு மாத்துறோம். இது தீர்ப்பு" என்றார் மச்சான்.

"உங்க தீர்ப்பு உங்களோட. நான் இந்த ரூமை விட்டு வர மாட்டேன்."

ஏன் என்று கேட்டாரா? கேட்கவில்லை. பாயும் கம்பளியுமாக அடுப்பங்கரைக்கு அவர் மட்டும் குடிபோனார். நாய் அவர் தலையணையில் பாதியைப் பிடித்துக்கொண்டது. காலையில் மூக்கில் கரியோடு கோர்ட்டுக்கு வந்தார். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில், பன்றியைப் பறிகொடுத்தவனுக்கே அபராதம் போட்டுவிட்டார். "ஜட்ஜுக்கும் பெண்டாட்டிக்கும் ஜில்லா தாண்டிக் குடித்தனம்" என்று ஊரே சிரித்தது.

கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, உன் எருதுங்கள ஓட்டிட்டு வா. வீட்டையே இழுத்துடலாம்."

எங்கள் பக்கம் இது புதிதில்லை. அடியில் உருளைக் கட்டைகளைக் கொடுத்து எருது பூட்டினால் வீடு வண்டி மாதிரி வரும். வீடு முழுசும் வில்லெட்டுக்குள் வரும்படி, தானியக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்துவதாகத் திட்டம். சனிக்கிழமை ஊர் முழுக்கக் கூடிவிட்டது. பெண்கள் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரமும் பொரித்த கோழியும் கொண்டுவந்தார்கள். வக்கீல் லீவையும் வந்து, கூச்சமே இல்லாமல் கோழிக்கால் கடித்துக்கொண்டு நின்றான்.

அக்கா மட்டும் படுக்கையறையை விட்டு வெளியே வரவில்லை.

மச்சான் உள்ளே போனார். நான் ஜன்னலுக்குக் கீழே சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது.

"எந்திரி தெர்சா. ஊரே நிக்குது. என் மானம் போகுது."

"ஊருல இருக்குற பன்னிக்கெல்லாம் ஏன், எதுக்குன்னு கேக்குறீங்க. நான் ஏன் வர மாட்டேங்கிறேன்னு ஒரு தடவ கேட்டீங்களா?"

மச்சான், அந்தப் பெரிய குரலுக்குப் பொருந்தாத சின்னக் குரலில், "ஏன்?" என்றார்.

அக்கா ஜன்னலைக் காட்டியிருக்க வேண்டும். அவர் முகம் என் தலைக்கு மேலே தெரிந்தது. நானும் திரும்பிப் பார்த்தேன். பிளம் மரம். அதன் அடியில் மீலியின் கல்லறைக் கல். இத்தனை வருஷமும் அவர் கட்டிலில் சுவரோரம், சுவரைப் பார்த்தே தூங்கியவர்.

"காலைல கண்ணு முழிச்சதும் அவளைப் பாத்துட்டுத்தான் அடுப்பு பத்த வைக்கிறேன். வீடு கொட்டகைக்கு அந்தப் பக்கம் போயிட்டா அவ தெரிவாளா?" என்றாள் அக்கா.

நானும் ஒருநாளும் கேட்டதில்லையே.

மச்சான் வெளியே வந்தார். "எருதுங்கள அவுத்து விடு மாப்ள."

"மச்சான், பதவி?"

"கெடக்கட்டும். எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க."

அந்த வாரமே ராஜினாமா செய்தார். வக்கீல் லீவை வில்லெட்டுக்கு ஜட்ஜானான். அதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் டாப்னி ஜில்லாக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பெண்டாட்டிக்காக நாற்காலியை விட்டவர் நம் ஜில்லாவில்தானே தூங்குகிறார் என்று அவரைத் தேர்தலில் நிறுத்தினார்கள். அந்தக் காலத்தில் பெண்கள் ஓட்டுப் போட முடியாது, ஆனால் ஓட்டுப் போடுகிறவனுக்குச் சோறு போடுகிறவர்கள் அவர்கள்தானே. மச்சான் அமோகமாக ஜெயித்தார்.

லீவை குதிரையில் பறந்து வந்தான். "செல்லாது! இவரு சாப்பிடறது எங்க வில்லெட் ஜில்லாவுல!"

"சாப்பாடு எங்க வேணும்னாலும் சாப்பிடலாம் தம்பி" என்றார் மச்சான். "நீதானே மேஜையைத் தட்டிச் சொன்ன?"

பதவியேற்கிற அன்று காலையில் எனக்கு ஆள் அனுப்பினார். கோர்ட்டுக்குத் துணைக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

"கோட்டைக் கழட்டு மாப்ள. அந்தக் கால்மாட்டைப் பிடி."

இரண்டு பேருமாகக் கட்டிலைத் திருப்பிப் போட்டோம். மச்சான் பூட்ஸோடு அதில் படுத்து, தன் பக்கத்திலிருந்து பிளம் மரம் தெரிகிறதா என்று பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் இழு" என்றார்.